வெறும் ஆணி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர் இருந்தது. இந்தப் பக்கம் வீரபாகு. அந்தப் பக்கம் அவருடைய சித்தப்பா மகன் கொம்பையா. வீரபாகு பக்கம் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே ஒரு ஆணி. ஆணியில் ஒரு துப்பாக்கி.

மக்காச்சோளக் காட்டில் பன்னி இறங்குகிறது, வெடி போட்டு விரட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய லைசன்ஸ் துப்பாக்கி அது. பன்னியைக் கண்டதோ இல்லையோ, எண்ணெய் மட்டும் தவறாமல் குடித்தது. கீழே மூலையில் ஒரு அரிவாள் சாய்ந்து கிடக்கும். துப்பாக்கிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“ஊர்ல நடக்கிற வெட்டுக்குத்து எல்லாம் உங்க கூட்டம் பண்றதுதான்” என்றது துப்பாக்கி. “என்னைய இந்த வீட்டுக்குள்ள விட எத்தனை ஆபீசர் கையெழுத்துப் போட்டாக தெரியுமா? உன்னைச் சந்தையில யாரு கேட்டாலும் தூக்கிக் குடுத்திருவான்.”

“அத்தனை பேரு கையெழுத்துப் போட்டாகன்னா உன்னைய யாரும் நம்பலன்னு அர்த்தம்” என்றது அரிவாள். “என்னைய அடுப்படி வரைக்கும் விடுறாக. உன்னைய விடுறாகளா?”

இரண்டுக்கும் நடுவில் ஆணி வாயே திறக்காது. தாங்குவதுதான் அதன் வேலை.

ஒருநாள் அந்த வீட்டுக்குச் சந்தேகம் வந்தது. வா என்று யாரும் கூப்பிடவில்லை. காட்டைப் பார்க்கப் போன வீரபாகு திரும்பும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மக்காச்சோளத்தைப் பன்னிக்கூட்டம் துவம்சம் பண்ணியிருந்தது. வேலிப் படல் திறந்து கிடந்தது. படலைக் கட்டியிருந்த கயிற்றைக் காணவில்லை.

“பன்னி முட்டித் தள்ளியிருக்கும்” என்றாள் அவர் மனைவி சந்தனமாரி.

“பன்னி முடிச்ச அவுக்குமாக்கும்? கயித்தையும் கையோட கொண்டு போகுமாக்கும்?” என்றார் வீரபாகு. “பக்கத்துத் தோப்பு யாருது? கொம்பையாவுது. அவன்தான்.”

“நல்லா இருக்கு உங்க நியாயம். தெனமும் ‘மதினி, தண்ணி குடுங்க’ன்னு வந்து நிக்கிற புள்ள அது.”

“அதாம்டி, வேவு பாக்க வாரான்” என்றது சந்தேகம், வீரபாகுவின் வாயாலேயே.

அன்றைக்கு உட்கார்ந்ததுதான், பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்தது. கொம்பையா சிரித்துக்கொண்டு போனால், “பாத்தீரா, சிரிக்கான்” என்றது. மறுநாள் அவன் ஏதோ நினைப்பில் சிரிக்காமல் போனான். “இன்னைக்கு ஏன் சிரிக்கல?” என்றது. அவன் இருமினாலும் அதற்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தது. பாவம், கொம்பையாவுக்கு இது எதுவுமே தெரியாது. வழக்கம்போலத் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

சந்தேகத்துக்கு அந்த வீட்டிலேயே ஒரு பிள்ளை பிறந்தது. கோபம் என்று பெயர். அந்தப் பிள்ளைக்குப் பொறுமை கிடையாது, கை மட்டும் நீளம். அடிக்கடி ஆணிப் பக்கம் பார்க்கும். துப்பாக்கியும் பார்க்காததுபோலப் பார்க்கும்.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஏட்டையா வந்து, “வீரபாகு, கொண்டாந்து குடுத்துரும்வே. தேடி வர வைக்காதீரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

துப்பாக்கிக்கு வந்ததே ஆத்திரம்! “நான் யார என்ன பண்ணுனேன்? மூலையில கெடக்கே, அதக் கொண்டு போங்களேன்!”

“போயிட்டு வா ராசா” என்று சிரித்தது அரிவாள். “என்னையப் பூட்டி வச்சா இந்த ஊர்ல ஒருத்தன் இளநி குடிக்க முடியாது.”

ஸ்டேஷனில் ஒரு பூட்டிய அறை. சுற்றுவட்டாரத்துத் துப்பாக்கிகள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. “பூட்ட வேண்டியது மனுசன் மனச. நம்மளப் பூட்டி என்ன ஆகப்போகுது?” என்றது ஒன்று. மற்றவை எல்லாம் ஆமாம் ஆமாம் என்றன. சந்தேகத்தின்பேரில் உள்ளே அடைக்கப்பட்டவர்களைக் கூட்டி வைத்துக் கேட்டால் வேறு எப்படிப் பேசுவார்கள்?

இங்கே வீட்டில், காலைக் கஞ்சியில் கை வைத்திருந்தார் வீரபாகு. வாசலில் சத்தம்.

“அண்ணே! உங்க படல் கயிறு எங்க தோப்புல கெடந்துது. இந்தாங்க!”

முற்றத்துக்கு அப்பால், தெருப்படலில் கொம்பையா கயிறும் கையுமாக நின்றான்.

சந்தேகம் துள்ளி எழுந்தது. “பாத்தீரா? களவாண்டவனே கையில வச்சிக்கிட்டு வந்து நிக்கான். என்ன தைரியம்!”

அதற்கு மேல் கோபத்துக்குப் பொறுக்கவில்லை. நீளக் கை சுவரைப் பார்த்துப் போனது. வழக்கமான இடம், கண் பார்க்கத் தேவையில்லை. போன கையில் ஆணி குத்தியது. வெறும் ஆணி.

கை ஒரு நிமிஷம் சுவரிலேயே திகைத்து நின்றது. அப்புறம் மூலைக்கு இறங்கியது.

அரிவாளுக்கு ஒரு தொல்லை உண்டு. ஆளிடம் நடந்து போக வேண்டும். நிலைப்படி தாண்டி, கோழிக்கூட்டைச் சுற்றி, முற்றம் முழுக்கக் கடக்க வேண்டும். அதற்குள் சந்தனமாரி பார்த்துவிட்டாள். “ஐயோ கொம்பையா, ஓடு! ஓடிரு!” என்று அலறினாள். அவன் திரும்பினான். வெட்டு இடது தோளில் இறங்கியது. ரத்தம் ஒழுக ஒழுக ஓடினான். தெருவே கூடி வீரபாகுவை அமுக்கிப் பிடித்தது.

கயிறு முற்றத்தில் விழுந்து கிடந்தது. “என்னைய யாரும் அவுக்கலய்யா. இத்துப்போயி அந்து விழுந்தேன். பன்னி கால்ல சிக்கி அந்தத் தோப்பு வரைக்கும் இழுபட்டேன்” என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. கையில் வாங்கிப் பார்த்திருந்தால் நைந்த நுனி தெரிந்திருக்கும். சுவருக்கும் மூலைக்கும் நீண்ட கை, கயிற்றுக்கு மட்டும் நீளவில்லை. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

வீரபாகு ஜெயிலுக்குப் போனார். அரிவாளைத் துணியில் சுற்றி, அடையாளச் சீட்டுக் கட்டி, அதே பூட்டிய அறையில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள்.

துப்பாக்கிக்குக் கொண்டாட்டம். “நான் அப்பவே சொன்னேன்ல? என்னையப் பூட்டுனாக. நடக்க வேண்டியது நடக்காமலா போச்சு?”

“நடந்துது” என்றது அரிவாள். “வெட்டுனது நான்தான், இல்லேங்கல. கொஞ்சம் வெளியே காது குடு.”

வெளியே ஒரு குரல் இன்ஸ்பெக்டரிடம் வாக்குமூலம் சொல்லிக்கொண்டிருந்தது. கொம்பையாவின் குரல்.

“ஆஸ்பத்திரியில தையல் போட்டு, நடந்து வந்திருக்கான்” என்றது அரிவாள். “அன்னைக்கு அந்த ஆணியில நீ இருந்திருந்தா, இப்ப அங்க உக்காந்து பேசுறது யாரு?”

வெளியே வாக்குமூலம் முடிந்தது. கொம்பையா எழுந்து போகவில்லை. கட்டுப் போட்ட தோளை ஒட்டி, பெஞ்சில் இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது. வீரபாகு ஜெயிலுக்குப் போனதும் அதற்கு அந்த வீட்டில் வேலை இல்லை. சந்தேகம் சுவர் தாண்டி வந்துவிட்டது. “ஜாமீன்ல வருவான். வந்தா சும்மா இருப்பானா?” என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தது.

“ஐயா, எனக்கும் ஒரு துப்பாக்கி லைசன்ஸ் வேணும்” என்றான் கொம்பையா.

“உனக்கு எதுக்குய்யா?”

“காட்டுல பன்னித் தொல்லைங்கய்யா.”

உள்ளே துப்பாக்கிக்குத் திக்கென்றது. தன்னை வாங்கும்போது வீரபாகுவும் இதையேதான் சொன்னார்.

“மனு எழுதிக் குடு. விசாரிச்சுத்தான் தருவாக” என்றார் இன்ஸ்பெக்டர்.

அன்று சாயங்காலம் சந்தனமாரி வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. வெட்டுப்படாத கையால் யாரோ சுத்தியல் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அடி விழ விழ இந்தப் பக்கத்து வெறும் ஆணி ஆடியது. நேர் அந்தப் பக்கம், அதே உயரத்தில், இன்னொரு ஆணி இறங்கிக்கொண்டிருந்தது.