ஏழாம் குழு

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் மங்களேஸ்வரி. திருவிழாக் கூட்டம் சேரும் ஊர்களுக்குச் செல்போன் கோபுரத்தைச் சுமந்து போகும் வண்டி ஒன்றுக்கு அவர் பொறுப்பு. சீடரின் பெயர் தணிகாசலம். இருபத்தாறு வருஷம் தரைவழித் தொலைபேசி நிலையத்தில் கம்பி இணைத்தவர். அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள். இந்த வண்டிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

"சிஷ்யப்பிள்ளை பேரன் எடுக்குற வயசுல பாடம் படிக்கிறாரு," என்பார் டிரைவர் குழந்தைவேலு.

தணிகாசலம் கோபித்துக்கொள்வதில்லை. கம்பிக் காலத்தில் வீட்டுக்கு ஒரு ஜோடிக் கம்பி. ஒருவர் கம்பியில் இன்னொருவர் வந்து நிற்க முடியாது. இங்கே இருப்பது ஒரே காற்று. அதில்தான் எல்லாரும் நிற்க வேண்டும். அது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆலத்துறைத் தேரோட்டத்தன்று வண்டி பெண்கள் பள்ளி மைதானத்தில் நின்றது. அறுபதடிக் கம்பம் ஏற்றி, நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டியிருந்தார்கள். தேரோடும் நான்கு வீதிகளும் ஆற்றின் இரண்டு படித்துறைகளும் அந்த வண்டியின் பொறுப்பு. ஒரே நேரத்தில் இருநூற்று நாற்பது பேர் பேசலாம். அன்று மூன்று மணிக்குக் கூட்டத்தில் இருந்த போன்கள் முப்பத்தோராயிரம்.

தணிகாசலம் கேட்டார்.

"மேடம், எல்லாரும் ஒரே நேரத்துல கூப்பிட்டா யாரை முதல்ல விடணும்?"

மங்களேஸ்வரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், உங்க போனைக் கொடுங்க."

கொடுத்தார்.

"காலையிலேருந்து எத்தனை தடவை இதுல கூப்பிட்டீங்க?"

"லைன் போகுதான்னு பார்க்கத்தானே மேடம்."

"எத்தனை?"

தணிகாசலம் எண்ணிப் பார்த்தார். "அறுபத்து மூணு."

மங்களேஸ்வரி போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"இப்ப ஒருத்தருக்கு இடம் கிடைச்சுது," என்றார்.

குழந்தைவேலு வாசலில் நின்று சிரித்தார். தணிகாசலமும் சிரித்தார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

மூன்றேகாலுக்கு மங்களேஸ்வரி வீடியோக்களை நிறுத்தினார். மூன்றரைக்கு எல்லாக் குரல்களையும் பாதியாக மெலித்தார். ஒரு குரல் போகிற தடத்தில் இப்போது இரண்டு குரல் போகலாம். கேட்பதற்குத் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் பேசலாம்.

நாலு மணிக்குத் தேர் நகர்ந்தது. நாற்பதாயிரம் போன்கள் ஆயின. அதுவும் போதவில்லை. கிடைக்காதவர்கள் மறுபடி அடித்தார்கள். மறுபடி அடித்ததால் இன்னும் பல பேருக்குக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் மங்களேஸ்வரி கடைசி வேலையைத் தொடங்கினார். செல்போன் எண்கள் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துக் குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தது. பணக்காரர் ஏழை என்று அதற்குத் தெரியாது. தன் குழு எதுவென்று போன் வைத்திருப்பவருக்கும் தெரியாது. நெரிசலில் இரண்டு குழுக்களை இரண்டு நிமிஷம் மூடிவைப்பார்கள். பிறகு அவற்றைத் திறந்து அடுத்த இரண்டை மூடுவார்கள். பத்து நிமிஷத்தில் ஒரு சுற்று. ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் எப்போதும் மூடுவதில்லை. அந்தப் பழைய வண்டியில் இதைக் கையால்தான் செய்ய வேண்டும். அதற்குத் 'திருப்புவது' என்று பெயர்.

நாலு பதினெட்டுக்குக் குழந்தைவேலு ஓடிவந்தார்.

"மேடம், வடக்கால இழுவைக் கம்பில பத்துப் பேரு சாஞ்சுக்கிட்டுத் தேர் பார்க்கிறாங்க. கம்பி தளர்ந்துடுச்சு."

மங்களேஸ்வரி எழுந்தார்.

"சார், திருப்பிக்கிட்டே இருங்க. ரெண்டு நிமிஷம், ரெண்டு குழு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சரி மேடம்."

அவர் இறங்கிப் போன அரை நிமிஷத்தில் ஒரு பெண் வண்டிப் படியில் ஏறினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முந்தானை ஒருபக்கம் கிழிந்திருந்தது. கையில் போன்.

"ஐயா, டவர் வண்டி இதுதானேங்க? எங்கண்ணனைக் காணோமுங்க."

பெயர் அஞ்சலை. அண்ணன் பெயர் சிங்காரம். அறுபது வயது. மூன்று வருஷமாக அவருக்கு நினைவு தங்குவதில்லை. கையைப் பிடித்துத்தான் கூட்டிவந்தாள். தேர் வடம் திரும்பும்போது கூட்டம் தள்ளியது. கை விட்டுப்போனது.

"மைக்குல சொல்லச் சொன்னீங்களா?"

"மூணு தரம் சொல்லிட்டாங்க. தன் பேரைச் சொன்னாலே அவருக்குத் தெரியாதுங்க. போன் அடிச்சா மட்டும் பச்சைப் பித்தானை அமுக்குவாரு. அதை மட்டும் மறக்கல. கழுத்துல போனைக் கோத்து மாட்டிவிட்டிருக்கேன். ஆனா லைனே போக மாட்டேங்குது. முப்பத்தெட்டுத் தரம் அடிச்சுட்டேன்."

அவள் வண்டி வாசல் வழியாக ஆற்றுப் பக்கம் பார்த்தாள்.

"ஆத்தைப் பார்த்தா இறங்கிடுவாருங்க. சின்ன வயசுல நீச்சல் தெரிஞ்ச மனுஷன். இப்ப அது மறந்துபோச்சுன்னு அவருக்குத் தெரியாதுங்க."

அந்தக் கூட்டத்தில்தான் தணிகாசலத்தின் மனைவி கமலவேணியும் மகளும் இருந்தார்கள்.

திரையின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் ஓர் எண்ணை அடித்தால் அதன் குழு தெரியும். பழுது பார்க்க மட்டும் வைத்திருப்பது. தணிகாசலம் கேட்டார்.

"உங்க நம்பரைச் சொல்லுங்கம்மா."

சொன்னாள். அடித்தார். குழு மூன்று.

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஐந்து முதல் ஒன்பது வரை ஐந்து குழுக்களையும் மூடினார். திருப்புவதை நிறுத்தினார். பாதிக் கூட்டம் பேச்சற்றுப் போனது. மீதிப் பாதிக்குக் காற்று லேசானது.

"இப்ப அடிங்கம்மா. விடாம அடிங்க."

அடித்தாள். உடனே போனது. 'நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்றது.

"ஆஃப்னு சொல்லுதுங்க."

"திரும்பவும் அடிங்க."

திரும்பவும் அதுவே. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். பதினொரு நிமிஷத்தில் பத்தொன்பது முறை. ஒவ்வொரு முறையும் தணிகாசலம் அவள் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவள் தலையை ஆட்டினாள்.

நாலு முப்பத்தொன்றுக்கு மங்களேஸ்வரி வந்தார். உள்ளங்கை இரண்டிலும் கம்பியின் கறுப்பு. திரையைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். தணிகாசலத்தை மட்டும் பார்க்கவில்லை.

"எத்தனை நிமிஷம் ஆச்சு சார்?"

"பதினொண்ணு மேடம்."

அவர் உட்கார்ந்தார். ஐந்து குழுக்களையும் திறந்தார். பூஜ்யத்தையும் ஒன்றையும் மூடினார்.

"மேடம், இவங்க அண்ணனுக்கு நினைவு இல்ல. ஆத்துப் பக்கம் போயிருப்பாருன்னு..."

"மைக்குல சொன்னாங்க, கேட்டேன்." மங்களேஸ்வரி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க நம்பரை அவர்கிட்ட எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"போனோட சேர்த்து அட்டையில எழுதித் தொங்கவிட்டிருக்கேன். பேரும் நம்பரும்."

"அப்ப உங்க போனை இப்படி மேஜை மேல வைங்க."

"ஏம்மா? கூப்பிட வேணாமா?"

"கொஞ்ச நேரம் வேண்டாம்."

"சும்மா உட்கார்ந்திருக்கச் சொல்றீங்களா? கூடப் பொறந்தவரும்மா!"

"ஆமாக்கா. அதான் சொல்றேன்."

அஞ்சலை போனை மேஜை மேல் வைத்தாள். விரலை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை. குழந்தைவேலு பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். தம்ளரைப் பிடிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. போன் தனியாகக் கிடந்தது.

நாலு முப்பத்து மூன்று. மங்களேஸ்வரி திருப்பினார். பூஜ்யமும் ஒன்றும் திறந்தன. இரண்டும் மூன்றும் மூடின.

தணிகாசலம் பதறிவிட்டார்.

"மேடம், மூணு! இவங்க நம்பர் மூணாம் குழு!"

"அதோட முறை சார்."

"இப்பப் போய் மூடுறீங்களே!"

"மூடினா கூப்பிடத்தான் முடியாது. வந்தா எடுக்கலாம்."

வெளியே தேரின் முட்டுக்கட்டை விழும் சத்தம் கேட்டது. தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். ஐம்பத்திரண்டு விநாடி ஆனது.

மேஜை மேல் போன் அடித்தது.

தெரியாத எண். அஞ்சலை டீயைக் கொட்டிக்கொண்டு எடுத்தாள். ஸ்பீக்கரை மங்களேஸ்வரி அழுத்திவிட்டார்.

"யாரு, அஞ்சலைங்களா?" தகர டப்பாவுக்குள்ளிருந்து ஓர் ஆள் கத்தினார். "அட்டையில போட்டிருக்கு. நான் வடக்குப் படித்துறையில வெள்ளரிப்பிஞ்சு விக்கிறவன். பெரியவர் ஒருத்தரு இங்க இருக்காருங்க. இடுப்பளவுத் தண்ணிக்குப் போயிட்டாரு, இழுத்துப் போட்டேன். அவரு போனு நனைஞ்சு செத்துப்போச்சு."

"எங்கண்ணங்க! நல்லா இருக்காருங்களா?"

"இருக்காரு, இருக்காரு. பிஞ்சு தின்னுக்கிட்டிருக்காரு. ஆனா கையை விட்டா மறுபடி ஆத்தைப் பார்த்துத்தான் நடக்கிறாரு. தேரு குறுக்கால நிக்குது, கூட்டிக்கிட்டு வர வழியில்ல. கால் மணி நேரமா அடிக்கிறேம்மா. முதல்ல போகவே இல்ல. பெறவு போனா நீங்க பிஸின்னு வருது. ஒரு கையில இவரு, ஒரு கையில போனு. கூடையை நாய் மோந்து பார்க்குது. சீக்கிரம் வாங்க!"

அஞ்சலை படியில் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு வேகம். குழந்தைவேலு வழிகாட்டப் பின்னால் ஓடினார்.

மங்களேஸ்வரி நாலு முப்பத்தைந்துக்குத் திருப்பினார். நாலும் ஐந்தும் மூடின.

தணிகாசலம் நின்றுகொண்டே இருந்தார். அந்தப் பெண்ணின் போனில் வந்த எண் அவர் கண்ணில் அப்படியே இருந்தது. கம்பிக் காலத்துப் பழக்கம். ஒருமுறை பார்த்த எண் அவருக்கு மறக்காது. திரையின் ஓரத்துக் கட்டத்தில் அதை அடித்தார்.

குழு ஏழு.

வெகு நேரம் அதையே பார்த்தார்.

"மேடம்."

"சொல்லுங்க சார்."

"பிஞ்சு விக்கிறவரு ஏழாம் குழு. பதினொரு நிமிஷம் நான்தான் மூடி வச்சிருந்தேன்."

மங்களேஸ்வரி உள்ளங்கையின் கறுப்பைத் துணியில் துடைத்தார்.

"அந்த மனுஷன் பெரியவரைப் பிடிச்ச கையை விட்டிருந்தா?"

"விடலையே சார்."

"விட்டிருந்தா மேடம்?"

அவர் எழுந்து பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றித் தணிகாசலத்திடம் நீட்டினார். முக்கால் தம்ளர்தான் இருந்தது. அதையும் இரண்டாகப் பிரித்துத் தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

"நானும் ஒரு வருஷம் அந்தக் கட்டத்துல நம்பர் போட்டுப் பார்த்தேன் சார்," என்றார்.

"யாரோட நம்பர்?"

மங்களேஸ்வரி டீயைக் குடித்துவிட்டு அடுத்த இரண்டு குழுக்களை மூடினார்.

நாலு ஐம்பதுக்குக் குழந்தைவேலு திரும்பி வந்தார். சட்டைப் பை நிறைய வெள்ளரிப்பிஞ்சு.

"அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரையும் ஆட்டோவுல ஏத்திவிட்டாச்சு. பெரியவரு என்னைப் பார்த்து, 'நீ யாரு, எங்கேயோ பார்த்த முகமா இருக்கே'ன்னாரு. நானும் ஆமாண்ணேன்னு சொல்லிட்டேன்."

மூவரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரிப்பை நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

தேர் நிலைக்கு வர ஏழு மணி ஆகும். இன்னும் பதின்மூன்று சுற்று இருந்தது. மங்களேஸ்வரிக்கு உள்ளங்கை எரிந்தது. கம்பி இழுத்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உட்காருங்க சார்."

தணிகாசலம் பின்னால் நகர்ந்தார்.

"வேணாம் மேடம். நான் அதுக்கு லாயக்கு இல்ல."

"உங்க வீட்டம்மாவும் பொண்ணும் கூட்டத்துலதானே இருக்காங்க?"

"ஆமா மேடம்."

"அவங்க நம்பர் எந்தக் குழு?"

தணிகாசலம் திரையின் ஓரத்துக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தெரியாது மேடம். பார்க்கல."

"அப்ப நீங்க திருப்பலாம்," என்றார் மங்களேஸ்வரி.