மஞ்சள் பொடி விழுந்த இடம்

இந்தக் கதையில் சீடருக்குத்தான் தலை நரைத்திருந்தது. குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை.

சீடரின் பெயர் மாசிலாமணி. விமானப் படையில் போர் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், விமானங்களுக்கான ஆயுதங்களை உருவாக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்தவர் அங்கயற்கண்ணி.

சேர்ந்த அன்றே மாசிலாமணி சொல்லிவிட்டார்.

"குண்டு போடத்தான் எனக்குத் தெரியும் மேடம். செய்யத் தெரியாது. நீங்கதான் குரு. சொல்லிக் கொடுங்க."

"சொல்லிக் கொடுக்கறதெல்லாம் எனக்கு வராது சார். கூட இருந்து பாருங்க" என்று அங்கயற்கண்ணி சிரித்தார்.

அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்தது தரைப்படைக்கான குண்டு. எதிரியின் சூட்டில் மாட்டிக்கொண்டு தலைதூக்க முடியாமல் கிடக்கும் வீரர்கள், கைக்கடக்கமான ஒரு கருவியில் இடத்தைக் குறித்தால் போதும். மேலே பறக்கும் விமானத்திலிருந்து, சின்ன இறக்கைகள் கொண்ட அந்தக் குண்டு மிதந்து வந்து குறித்த இடத்திலேயே இறங்கும். வீரர்களுக்குப் பக்கத்திலேயே எதிரி இருந்தாலும் அவர்கள்மேல் ஒரு தூசுகூடப் படாது.

சோதனைக்கு வெடிமருந்து வைப்பதில்லை. மஞ்சள் பொடியை நிரப்புவார்கள். இலக்குக்கு மேலே குண்டின் கூடு பிரிந்து பொடியைக் கொட்டும். கூடு ஒரு சின்னப் பாராசூட்டில் மெல்ல இறங்கும்.

ஒவ்வொரு முறையும் பொடி குறித்த இடத்திலேயே விழுந்தது. மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், நான் ஓட்டின காலத்துல இப்படி ஒண்ணு இருந்திருந்தா! இதுக்கு மேல என்ன வேணும்? முழுசாத் தயார்னு எப்போ சொல்வீங்க?"

அங்கயற்கண்ணி திருப்பிக் கேட்டார்.

"இத்தனை வருஷம் மேலேயிருந்து போட்டிருக்கீங்க. கீழே உட்கார்ந்து ஒரு தடவையாவது பார்த்திருக்கீங்களா சார்?"

"இல்லையே."

"அப்ப நாளைக்கு அதிகாரிங்க உட்கார்ற மேடைக்குப் போகாதீங்க. வீரர்கள் பதுங்கற குழிக்கு வாங்க."

மறுநாள்தான் தேர்வுக் குழு வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் குண்டு படைக்குப் போகும். பிடிக்காவிட்டால் வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து வேறு ஒன்றை வாங்கிக்கொள்வார்கள்.

சோதனைத் திடல் ஒரு பொட்டல்வெளி. ஒரு பக்கம் பந்தல் போட்ட மேடை. அதில் குழுத் தலைவர் ஜெனரல் அருமைநாயகமும் அதிகாரிகளும். எதிரே தொலைவில் இலக்காக ஒரு குட்டிச்சுவர். அதற்கும் மேடைக்கும் நடுவில் பதுங்குகுழி. அதில் ஹவில்தார் பலவேசமும் அவருடைய வீரர்களும் இருந்தார்கள்.

மாசிலாமணி குழிக்குள் இறங்கினார். பின்னாலேயே அங்கயற்கண்ணியும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குதித்தார்.

"பார்த்து உட்காருங்க சார், தேள் கிடக்கும்" என்றார் பலவேசம். "பெரிய ஆளுங்க யாரும் இங்க வந்ததில்ல. தேளுக்கும் பழக்கமில்ல."

குழியே சிரித்தது. மாசிலாமணியும் சிரித்தார். ஆனால் குழி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மேலேயிருந்து வரைபடம்போல் விரிந்து தெரியும் நிலம், இங்கே முட்புதரும் மண்மேடுமாக முகத்தில் வந்து இடித்தது. குட்டிச்சுவரின் மேல்பாதி மட்டும்தான் கண்ணில் பட்டது.

"கருவி உங்க கையில இருக்கட்டும் சார்" என்று அங்கயற்கண்ணி நீட்டினார்.

மாசிலாமணி குட்டிச்சுவரைக் குறித்தார். பொத்தானை அழுத்தினார். மேலே விமானத்தின் இரைச்சல் கேட்டது. காதில் மாட்டியிருந்த வானொலியில் விமானியின் குரல் வந்தது.

"விட்டாச்சு."

அந்தச் சமயம் பார்த்துச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு கழுதை வெளியே வந்தது. அதை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டியும் வந்தது. இரண்டும் சுவரோரப் புல்லை நிதானமாகக் கடிக்க ஆரம்பித்தன.

"கழுதை!" என்று கத்தினார் மாசிலாமணி. "நிறுத்துங்க! கழுதை நிக்குது!"

"கைய விட்டுப் போயிடுச்சு சார்" என்றது வானொலி.

மாசிலாமணி கருவியில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் மாற்றி மாற்றி அழுத்தினார். வானத்தில் ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. கருவியைப் பலவேசத்திடம் எறிந்துவிட்டு, குழியிலிருந்து தாவி ஏறி, "ஹேய்! ஹேய்!" என்று கையை வீசிக்கொண்டு சுவரை நோக்கி ஓடினார். உள்ளே இருப்பது வெறும் பொடிதான் என்பது அவருக்கு மறந்தே போயிற்று.

அவரும் சுவரிடம் போய்ச் சேர்ந்தார். பொடியும் வந்து சேர்ந்தது.

பொடி அடங்கியபோது தாய்க்கழுதை மஞ்சள். குட்டி மஞ்சள். மாசிலாமணி நரைமுடி முதல் பூட்ஸ்வரை மஞ்சள். கழுதை ஒரு முறை தும்மிவிட்டு நேராக மேடையைப் பார்த்து ஓடியது. அதிகாரிகள் நாலாபக்கமும் சிதறினார்கள். ஜெனரல் மட்டும் நகரவில்லை. குட்டி அவருடைய கால்சட்டையில் நன்றாக முதுகைத் தேய்த்துவிட்டுத் தாயின் பின்னால் போயிற்று.

ஜெனரல் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், திடல் முழுவதும் சிரித்தது.

"பிரமாதம்! குறி ஒரு அடிகூடத் தள்ளிப் போகல. எனக்கு இது போதும். எடுத்துக்கலாம்" என்றார் அவர்.

மாசிலாமணி மூச்சு வாங்க வந்து நின்றார். கண்ணைச் சுற்றி மட்டும் பொடி இல்லை.

"வேண்டாம் சார். இது இன்னும் தயாராகல."

"என்னய்யா சொல்றீங்க? எல்லாரும் எடுத்துக்கோன்னு கெஞ்சுவாங்க. நீங்க என்னடான்னா..."

"போடுன்னு சொல்ல ஒரு பொத்தான் வெச்சோம் சார். போடாதேன்னு சொல்ல ஒண்ணுமே வைக்கல."

ஜெனரலின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் அங்கயற்கண்ணியைப் பார்த்தார். அங்கயற்கண்ணி குழியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

"மழைக்காலம் முடியற வரைக்கும் பொறுக்கிறேன்" என்றார் ஜெனரல். "அதுக்கு மேல என்னால முடியாது."

சாயங்காலம் மாசிலாமணி குழாயடியில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார். மஞ்சள் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது.

"மேடம், உங்களுக்கு இது முன்னாடியே தெரியும், இல்லையா?"

"தெரிஞ்சிருந்தா அந்தப் பொத்தானை அன்னைக்கே வெச்சிருப்பேனே சார்."

"அப்புறம் எதுக்கு என்னைக் குழிக்குக் கூப்பிட்டீங்க?"

"நானும் அதுவரைக்கும் குழியில உட்கார்ந்ததில்ல."

மாசிலாமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி குழாயின் கீழே தலையைக் கொடுத்தார்.

அன்றைக்குத் தொடங்கிய வேலையில் அவருக்குப் பசி தெரியவில்லை. மிதந்து வரும் குண்டு கீழேயிருந்து வரும் சொல்லைக் கேட்க வேண்டும். கேட்டதும் ஆளில்லாத இடம் பார்த்து ஒதுங்க வேண்டும். முதலில் அது கேட்கவே இல்லை. பிறகு கேட்டது, ஆனால் திரும்பத் தெரியாமல் தலைகுப்புற விழுந்தது. கேன்டீனில் இட்லி ஆறிப்போக ஆறிப்போகச் சண்டை போட்டார்கள். ஒருநாள் அது இறக்கையைச் சாய்த்து அழகாகத் திரும்பியபோது, மாசிலாமணி பக்கத்தில் நின்ற மெக்கானிக்கைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தார். படுக்கையிலும் சிரித்துக்கொண்டேதான் கிடந்தார்.

மழை முடிந்தது. குழு வந்தது. இந்த முறை கருவி பலவேசத்தின் கையில் இருந்தது. குருவும் சீடரும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

பலவேசம் சுவரைக் குறித்து அழுத்தினார்.

"விட்டாச்சு" என்றது வானொலி.

அப்போது பொட்டலில் ஒரு சூறைக்காற்று கிளம்பியது. செம்மண் சுழன்று எழுந்து குட்டிச்சுவரை அப்படியே மறைத்துவிட்டது.

"சார், ஒண்ணும் தெரியலையே" என்றார் பலவேசம்.

அது அடங்கிவிடும், கொஞ்சம் பொறுங்க என்று சொல்ல மாசிலாமணிக்கு நாக்கின் நுனிவரை வந்தது. மேடையில் குழு உட்கார்ந்திருக்கிறது. இன்றைக்குக் குறி பட்டால் குண்டு பிழைத்துக்கொள்ளும். படாவிட்டால் இத்தனை மாத உழைப்பும் மண். அவர் குருவைப் பார்த்தார். அங்கயற்கண்ணி தூசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி பலவேசத்தின் பக்கம் திரும்பினார்.

"கருவி உங்க கையில இருக்கு ஹவில்தார். உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க."

பலவேசம் புதிதாக வைத்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

குண்டு ஒருகணம் தயங்கியதுபோல் இருந்தது. பிறகு ஓர் இறக்கையைத் தாழ்த்தி, விலகி, தொலைவில் ஒன்றுமில்லாத கட்டாந்தரையில் போய் மஞ்சளாகக் கொட்டியது.

"திரும்பிடுச்சுடா!" என்று குழி கூவியது. பலவேசம் மாசிலாமணியைக் கட்டிக்கொண்டார். யாரோ விசிலடித்தார்கள். ஹெல்மெட்டுகள் மேலே பறந்தன.

தூசி அடங்கியது. சுவரோரம் கழுதை இல்லை, ஆள் இல்லை. ஒரு காக்கைகூட இல்லை.

ஜெனரல் மேடையிலிருந்து இறங்கிக் குழிவரை நடந்தே வந்தார். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"அங்க ஒண்ணுமே இல்லையே. விட்டிருந்தா சரியா விழுந்திருக்குமே!"

"தூசியில அது எனக்குத் தெரியலை சார்" என்றார் பலவேசம்.

மாசிலாமணி ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். ஜெனரல் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அங்கயற்கண்ணியிடம் திரும்பினார்.

"மேலிடத்துல கேட்பாங்கம்மா. குறி பட்டதுன்னு சொல்லவா, தப்பிப்போச்சுன்னு சொல்லவா?"

அங்கயற்கண்ணி முகத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார்.

"சொன்ன பேச்சைக் கேட்டுச்சுன்னு சொல்லுங்க சார்."