முதல்வர் அறைப் பீரோ

நகரமெங்கும் பதினான்கு கிளைகளோடு வளர்ந்த சமுதாயக் கல்லூரி அது. அங்கே பெருக்குகிற பூங்காவனத்துக்கு அங்கேயே படிக்க ஆசை. முதல்வர் தணிகாசலத்துக்கோ காகிதம்தான் கடவுள்.

“எட்டாம் வகுப்பு டிசி எங்கே?”

“அப்ப வாங்கல சார். அந்தப் பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க.”

“எனக்கென்ன? அந்தக் கட்டடத்துல இப்ப யார் இருக்காங்களோ, அவங்ககிட்ட கேளு. தரலைன்னா சும்மா விடாதே!”

மறுநாள் பூங்காவனம் அவர் மேசையில் ஒரு மனுவை வைத்தாள்.

“கட்டடம் இதுதான் சார். இப்ப இருக்கிறது நீங்க. பழைய ரிஜிஸ்டரெல்லாம் உங்க பின்னால பீரோவுல தூங்குது. பதினோரு வருஷமா வெளியில தூசி தட்டுறேன். உள்ள என் பேர் இருக்கு.”

பீரோ திறந்தது. முதல்வர் தேடித் தேடி, கடைசியில், “பூங்காவனம்” என்று வாசித்தார்.

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“உள்ளேன் ஐயா.”