தித்திப்பில் ஒட்டிக்கொண்ட காவல்படை

காலில் முள் குத்தினால், குத்தின இடம் ஏன் சிவந்து வீங்குகிறது? சொல்லுங்கள் பார்ப்போம்! ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிற வெள்ளை அணுக்கள், ஆபத்து என்று தெரிந்ததும் அங்கே வந்து கூடுகின்றன. அவைதான் நம் உடம்புக்குக் காவல். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் அந்தக் காவல் என்ன பாடு படும்? அது புரிய வேண்டுமானால் இந்த முசுறு எறும்புகளின் கதையைக் கேளுங்கள்.

குளக்கரையில் ஒரு மாமரம். மரம் முழுக்கச் சிவப்பு முசுறுகள். இலைகளை இழுத்துச் சேர்த்து, பந்து பந்தாகக் கூடு கட்டி வாழ்ந்தன. அவற்றின் காவல்படைக்குத் தலைவி அங்காயி. வாய் கொஞ்சம் நீளம். கால் அதைவிட வேகம்!

காவல் எறும்புகள் மரப்பட்டை மேல் ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது பூச்சி கடித்தால், பக்கத்தில் இருக்கிற எறும்பு ஒரு காரமான வாசனையை விடும். அது மூக்கில் பட்டதும் மற்றவர்கள் ஓட்டத்தைக் குறைப்பார்கள். காலை ஊன்றி நிற்பார்கள். பட்டை இடுக்கில் நுழைந்து எதிரியைக் கடித்து, எரிகிற புளிப்பு நீரைப் பீச்சுவார்கள். வேலை முடிந்ததும் கலைந்துவிடுவார்கள்.

“வந்தோமா, கடிச்சோமா, கிளம்பினோமான்னு இருக்கணும்! நின்னு கதை பேசக் கூடாது!” என்பாள் அங்காயி.

அந்த மரத்தில் மாவுப்பூச்சி மேய்க்கிறவள் தேனம்மை. மாவுப்பூச்சிகள் மரத்தின் சாற்றை உறிஞ்சிவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தித்திப்பு நீரை விடும். எறும்புகளுக்கு அதுதான் விருந்து. அதுவரை ஒரே ஒரு கிளையில்தான் மேய்ச்சல். தேனம்மைக்கு அது போதவில்லை.

“எல்லாக் கிளையிலும் விடலாமேக்கா! குஞ்சுங்க உட்கார்ந்த இடத்துலயே குடிக்கட்டும்” என்று கேட்டாள்.

அங்காயி ஒரு சொட்டை நக்கிப் பார்த்தாள். “அடியே, நாக்கை விட்டே போக மாட்டேங்குதே! விடு, விடு. எல்லாக் கிளையிலும் விடு!”

கொஞ்ச காலத்தில் மரமே தித்தித்தது. சொட்டியது வழிந்தது, வழிந்தது காய்ந்தது. பட்டையெல்லாம் பிசுபிசு.

ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த காவல் எறும்பு ஒன்று சட்டென்று நின்றது. கால் ஒட்டிக்கொண்டது! பின்னால் வந்தவள் பதறினாள்.

“அவ நிக்கிறா! அங்க எதிரி இருக்கு!”

உடனே கார வாசனையை விட்டாள். ஒரு கூட்டமே வந்து குவிந்தது. எதிரியைக் காணோம். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பட்டையைக் கடித்தார்கள், புளிப்பு நீரைப் பீச்சினார்கள். நன்றாயிருந்த பட்டை வெந்து சிவந்தது. வெந்த பட்டையைப் பார்த்து இன்னும் பல பேர் வந்தார்கள். வந்தவர்களும் ஒட்டிக்கொண்டார்கள்.

இப்படியே கிளைக்குக் கிளை நடந்தது. அங்காயிக்கோ ஒரே பெருமை.

“பாருங்க நம்ம படையை! ஒரு நிமிஷம் சும்மா இருக்குதா?”

அப்போது கீழேயிருந்து ஒருத்தி தள்ளாடிக்கொண்டு வந்தாள். அவள் முத்தாரி. வேருக்கு மேலே, தாழ்ந்த கிளையில் இருந்த கூட்டுக்குக் காவல். அவள் காலெல்லாம் பிசினும் தூசியும்.

“அக்கா! அடிமரத்துல துளைக்கிற புழு புகுந்திருச்சு. மரத்தூள் கொட்டிக்கிட்டே இருக்கு!”

“ஏன்டி, வாசனை விட வேண்டியதுதானே?”

“விட்டு விட்டு வயிறு வத்திப்போச்சு! ஒருத்தரும் வரலை.”

“எங்களுக்கு எட்டலையே!”

“எப்படி எட்டும்? இங்கதான் மரம் பூரா இதே வாசனைக் கூப்பாடா இருக்கே. என் கூட்டுல குஞ்சுங்க கிடக்குதுக்கா. புழு கிளையோட அடியையும் குடைஞ்சிருச்சு, கிளை ஆடுது!”

அங்காயிக்குச் சுருக்கென்றது. சுற்றிலும் பார்த்தாள். அவ்வளவு பெரிய படை! ஒவ்வொரு கிளையிலும் கூட்டம் கூட்டமாக, எதிரியே இல்லாத இடத்தில் நின்று பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது.

“காலைப் பிடுங்க முடிஞ்சவங்க எல்லாம் என்கூட வாங்க!” என்று கத்தினாள். கொஞ்சம் பேர்தான் வந்தார்கள்.

அடிமரத்து ஓட்டையில் கொழுத்த புழு தலையை நீட்டியது.

“வாங்கம்மா வாங்க! விருந்து சாப்பிட்ட காலைக்கூடக் கழுவாம ஓடி வந்திருக்கீங்க!” என்று சிரித்தது.

முசுறுகள் உள்ளே நுழையப் பார்த்தன. ஒட்டுகிற காலில் மரத்தூள் அப்பிக்கொண்டது. ஓர் அடி வைக்க முடியவில்லை. புழு திரும்பிப் படுத்து, மறுபடி மரத்தைக் குடையத் தொடங்கியது.

“புழு கிடக்கட்டும். முதல்ல குஞ்சுங்களைத் தூக்குங்க!” என்றாள் அங்காயி. ஆளுக்கொரு குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு, விழுந்து எழுந்து மேலே கொண்டுபோனார்கள். கடைசிக் குஞ்சோடு முத்தாரி கிளையைத் தாண்டினாள். படார்! கிளை முறிந்து குளத்தில் விழுந்தது. வெறும் கூடு தண்ணீரில் மிதந்தது.

அங்காயி நேராகத் தேனம்மையிடம் போனாள்.

“ஒரு கிளையில மட்டும் விட்டுட்டு, மிச்ச மாவுப்பூச்சியை எல்லாம் மரத்தை விட்டு இறக்கு.”

“நாக்கை விட்டே போகலைன்னு சொன்னது யாரு? நீதானேக்கா!” தேனம்மைக்கு அழுகை முட்டியது.

“நான்தான். அன்னைக்கும் நான்தான் சொன்னேன், இன்னைக்கும் நான்தான் சொல்றேன். இறக்குடி.”

தேனம்மை முணுமுணுத்துக்கொண்டே இறக்கினாள். மழை வந்து பட்டையைக் கழுவியது. பிசுபிசுப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. வீண் கூப்பாடு அடங்கியது. ஒட்டிக் கிடந்தவர்கள் காலை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கினார்கள். முத்தாரி அடிமரத்தில் நின்று மறுபடி வாசனை விட்டாள். இந்தத் தடவை படை முழுக்க இறங்கி வந்தது! நின்றது, நுழைந்தது, கடித்தது. புழுவை இழுத்து வெளியே போட்டுவிட்டுக் கலைந்து போனது.

ஆனாலும் அடிமரத்துப் புண் சீக்கிரம் ஆறவில்லை. முறிந்த கிளை திரும்ப முளைக்கவும் இல்லை.

மரத்தில் தித்திப்பு மிஞ்சினாலும் ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினாலும், காவல் வேண்டாத இடத்தில் கூடிப் புண்ணாக்கும், வேண்டிய இடத்துக்கு, அதுவும் அடிமரம் போலக் கீழே இருக்கிற பாதத்துக்கு, வந்து சேராது; அதனால் தித்திப்பை ஒரு கிளையோடு நிறுத்திக்கொள்வதே காவலுக்குக் காவல்.

புழுவை இழுத்துப் போட்ட அன்று, எல்லோரும் மேலே ஏறிப் போன பிறகு, முத்தாரி அங்காயியின் காலைப் பிடித்து நிறுத்தினாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் கூப்பிடறது உனக்குக் கேக்காமலே போயிடலாம். அதனால கூப்பிடட்டும்னு காத்திருக்காத. தினமும் ஒரு தடவை இறங்கி வந்து, இந்த அடிமரத்தைச் சுத்திப் பார்த்துட்டுப் போக்கா.”