துளையில் நுழையாத பேரன்

கடற்கரையில் அரண்மனை கட்டிக்கொண்டு, கடலில் ஒருநாளும் கால் நனைக்காத ராஜா ஒருவர் இருந்தார். நெய்தலாபுரியை ஆண்ட செண்டலங்கார ராஜா. கடல் சமாசாரம் எல்லாம் அவருடைய பிரதானி திருமேனியப்பர் பார்த்துக்கொண்டார். அவரும் கடலைப் பார்த்தது அரண்மனை மாடியிலிருந்துதான்.

அந்த ராஜ்ஜியத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சங்கு. வெண்மணற்குடி ஆட்கள் நாற்பது பேருக்கு மட்டும்தான் சங்கு குளிக்க, அதாவது கடலில் முங்கிச் சங்கெடுக்க, அனுமதி. அதற்கு அடையாளமாக ஆளுக்கொரு செப்பு வில்லை உண்டு. அது இடுப்பில் இல்லாதவன் கடலில் முங்கக் கூடாது. வருஷத்துக்கு ஆறாயிரம் சங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று ராஜாவின் தாத்தா உத்தரவு போட்டிருந்தார். இன்னொன்றும் செய்திருந்தார். கரையில் ஒரு பலகை, பலகையில் ஒரு துளை. துளைக்குள் நுழைகிற சங்கு குஞ்சு, அதைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். நுழையாதது வளர்ந்தது, எடுத்துக்கொள்ளலாம். மனுஷன் கைமுஷ்டி தாராளமாகப் போய்வரும் அளவுக்கு இருந்தது அந்தத் துளை.

திருமேனியப்பர் பதவிக்கு வந்ததும் அந்த உத்தரவு ஓலையைத் தூசி தட்டிப் படித்தார். ஆறாயிரத்துக்கு மேல் கூடாது என்றிருந்ததை, ஆறாயிரத்துக்குக் குறையக் கூடாது என்று சபையில் விளக்கினார். ராஜா பட்டுச் சால்வை போர்த்தினார். அடுத்த வருஷம் ஆறாயிரம் தேறவில்லை. பிரதானி சங்கையா வளர்க்க முடியும்? துளையைச் சுருக்கினார். பழைய பலகையை உப்பு அரித்துவிட்டது என்று சொல்லிப் புதுப்பலகை செய்தார்கள், துளை கொஞ்சம் சின்னது. வருஷத்துக்கு ஒரு பலகை, வருஷத்துக்கு ஒரு சால்வை. ஆறாம் வருஷம் அந்தத் துளையில் எலுமிச்சம்பழம் நுழையவே சிரமப்பட்டது.

அந்த வருஷம் குஞ்சையும் சேர்த்து எண்ணியும் நாலாயிரம்தான் வந்தது. பழியைக் குளிக்கிறவர்கள் தலையில் போட்டார் பிரதானி. அவர்கள் நல்ல சங்கை ஒளித்து வைக்கிறார்கள், வில்லைகளைப் பிடுங்கி என் மைத்துனனிடம் கொடுங்கள் என்றார். அந்த மைத்துனனுக்குக் குளத்தில் இறங்கவே பயம். ராஜா சரியென்றுவிட்டார். நாற்பது வில்லைகளும் தாம்பாளத்தில் அடுக்கப்பட்டுச் சபைக்கு வந்தன, கரையிலிருந்த பலகையும் கூடவே வந்தது. வில்லை போனால் நாற்பது வீட்டிலும் அடுப்பு எரியாது. வெண்மணற்குடித் தலைவர் பூவலிங்கம் சபையின் ஓரத்தில் கைகட்டி நின்றார். அவரைப் பேச விடவில்லை.

அன்று ராஜாவுக்குப் பிறந்தநாள். புதுச் சங்கு ஊதித்தான் சபை தொடங்கும். ஊதுகிறவர் அந்தக் குஞ்சுச் சங்கைக் கன்னம் புடைக்க ஊதினார். கொசு பறப்பது போல் ஒரு சத்தம் வந்தது. யார் முதலில் சிரிப்பது என்று தெரியாமல் சபையே இருமியது.

அப்போது எழுந்தார் வாரணவாசி. சபையில் அவருக்கென்று ஒரு வேலையும் கிடையாது. ராஜாவுக்கு யாரும் சொல்லாததைச் சொல்வதற்காகவே சோறு போட்டு வைத்திருந்தார்கள்.

"மகாராஜா, வில்லையை மாற்றுவதற்கு முன்னால் பிரதானியாரிடம் ஒரு சந்தேகம். இந்தத் துளை சொல்வது சரியாக இருக்குமா?"

பிரதானிக்குப் பெருமை பொங்கியது. "ஓய் வாரணவாசி, துளை பொய் சொல்லாது. வயசைக் கேட்க வேண்டாம், சாட்சியும் வேண்டாம். நுழையாதது எதுவோ அது வளர்ந்தது. வளர்ந்ததைக் கடலிலிருந்து எடுத்தாலும் சரி, கடலுக்கு அனுப்பினாலும் சரி, என் சட்டத்தில் குற்றமில்லை."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது வாரணவாசிக்கு. பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே பிரதானியின் மகளிடம் போனார். ராஜாவிடம் ஆசி வாங்க அவள் தன் ஆறு மாதப் பிள்ளையோடு வந்திருந்தாள். வாரணவாசி துளையை மெல்லப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்தார். தலை நுழையவில்லை. பிள்ளை பலகையை நக்கிப் பார்த்தது.

வாரணவாசி தாம்பாளத்திலிருந்து ஒரு வில்லையை எடுத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டினார்.

"ஆள் வளர்ந்தாகிவிட்டது மகாராஜா. நாளைக் காலை எட்டுப் பாகத்தில், எட்டு ஆள் ஆழத்தில், முதல் முங்கல். பூவலிங்கம், தோணியில் ஒரு இடம் வையும்."

பிரதானி ஓடிவந்து பேரனைப் பறித்துக்கொண்டார்.

"பைத்தியமா உமக்கு? பல்லே முளைக்கலை. இதைப் போய்க் கடலில் இறக்குவதா? இன்னும் வளர வேண்டாமா? நாளைக்கு இதுவும் நாலு பிள்ளை பெற வேண்டாமா?"

வாரணவாசி பூவலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஆறு வருஷமா நீங்க சொல்ல வந்தது இதுதானே?"

பூவலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு எழுத்து மாறலை சாமி. சங்குக் குஞ்சைப் பத்தி நாங்க சொல்லணும்னு நெனச்சதை ஐயா வாயாலேயே கேட்டுட்டோம். எட்டுப் பாகத்துல இப்ப வெறும் மணல்தான் கெடக்கு மகாராசா."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊதுகிறவர் கையிலிருந்த கொசுச்சங்கைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. வில்லைகள் நாற்பதும் வெண்மணற்குடிக்கே திரும்பின. தாத்தா காலத்துத் துளை மறுபடி வந்தது. ஆறாயிரத்துக்கு மேல் கூடாது என்பதை ராஜா தானே உரக்கப் படித்தார். மூன்று வருஷம் யாரும் சங்குக்காக முங்கக் கூடாது, அதுவரை நாற்பது வீட்டுக்கும் பிரதானியின் களஞ்சியத்திலிருந்து நெல் என்று உத்தரவானது. மைத்துனன் எப்போது நழுவினான் என்று யாரும் கவனிக்கவில்லை.

"வாரணவாசி, உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார் ராஜா.

"இந்தச் சின்னத்துளைப் பலகையைக் கொடுங்கள் மகாராஜா."

"அது இனி எதற்கு?"

"சபை வாசலில் மாட்டிவைக்கத்தான். பிரதானியார் இனிமேல் என்ன யோசனை கொண்டுவந்தாலும் முதலில் இதில் விட்டுப் பார்ப்போம். நுழைந்துவிட்டால் அது குஞ்சு, திரும்ப விடக் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது."