ஹாலுக்குப் பழகிய மரம்

தென்காசியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் ஆவுடையப்பன் குடியிருந்தார். எதையும் நன்றாக யோசித்துச் செய்கிறவர். அவர் யோசித்து முடிப்பதற்குள் மச்சினர்கள் பிறவிப்பெருமாளும் சங்கரலிங்கமும் காரியத்தைச் செய்துவிடுவார்கள். செய்தது சரிதானா என்று அப்புறம் உட்கார்ந்து யோசிப்பார்.

அந்த வீட்டுப் பால்கனியில் தரை வெறும் சிமெண்ட், மேலே வெறும் வானம். ஆனால் மகள் பூரணியைப் பெண் கேட்டவர்களிடம், “எங்க பால்கனியில மரத்தளம் போட்டிருக்கு” என்று அவர் மனைவி செண்பகம் போனில் சொல்லிவிட்டாள்.

“மதுரைக்குப் போயி அவங்களைக் கையோட கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை வருவேன். அதுக்குள்ள மரத்தளம் இருக்கணும். இல்லைன்னா பொய் சொல்ற குடும்பம்னு சம்பந்தமே முறிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மூவரும் மரக்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நல்ல மனிதர்.

“தேக்கு வாங்குங்க. மழை வெயில் எல்லாம் தாங்கும். ஆனா உடனே அடிச்சிராதீங்க. நாலு நாள் வீட்டுக்குள்ள போட்டு வைங்க. காத்துக்குப் பழகணும், இல்லைன்னா கோணிக்கும். தளம் போட மூணு பேரைக் கூப்பிட்டு விலை கேளுங்க. ரொம்பக் கூடச் சொல்றவரும் வேண்டாம், ரொம்பக் குறையச் சொல்றவரும் வேண்டாம். நடுவுல இருக்கிறவரைப் பிடிச்சுப் போடுங்க.”

பலகைகள் ஹாலுக்கு வந்து சேர்ந்தன.

“புதுசா வந்திருக்கு. சும்மா போட்டு வச்சா எப்படிப் பழகும் அத்தான்?” என்றான் பிறவிப்பெருமாள். “நாமதான் நாலு வார்த்தை பேசணும்.”

பேசினார்கள். பலகைகளைக் கட்டிலில் படுக்க வைத்து மின்விசிறி போட்டுவிட்டு, இவர்கள் தரையில் படுத்தார்கள். ‘நாம் பேசுவது அதற்குப் பிடிக்கிறதா?’ என்று மட்டும் ஆவுடையப்பனுக்குக் கவலையாக இருந்தது.

தளம் போட இரண்டு பேர் வந்து சோபாவின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆளைக் காணோம். அந்த நேரம் பார்த்து தண்ணீர் கேனோடு வந்தார் இசக்கி. “வாங்க, உக்காருங்க” என்று நடுவில் உட்கார வைத்தார்கள். மறுகணம் மச்சினர்கள் ஆளுக்கொரு கையாக அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அண்ணாச்சி, நான் கேன் போட வந்தவன்!”

“மழையில கிடக்கப்போற தளம். தண்ணியைப் பத்தி உம்மை விட யாருக்கு வே தெரியும்?” என்றான் சங்கரலிங்கம்.

“ஆணி அடிப்பீரா?” என்று ஆவுடையப்பன் சந்தேகத்தோடு கேட்டார்.

“காலண்டர் மாட்ட அடிச்சிருக்கேன்.”

மற்ற இருவரும் எழுந்து போய்விட்டார்கள். இரண்டு பேரை விட்டுத் தன்னைத் தேர்ந்தெடுத்தது இசக்கியின் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கி ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு நடந்தார். சங்கரலிங்கம் குறுக்கே பாய்ந்தான்.

“எங்க வே கொண்டு போறீரு? அது ஹால் காத்துக்குல்லா பழகியிருக்கு!”

“பால்கனிக் காத்து வேற” என்றான் பிறவிப்பெருமாள். “அதுக்குப் பழக இன்னும் நாலு நாள் ஆகும்.”

மதியம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். ஆவுடையப்பன் மகளின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குத்தான் மச்சினர்களை முந்திக்கொண்டு யோசித்து முடித்தார்.

“மரம் பழகின இடத்துலயே இருக்கட்டும். பால்கனி இங்க வரட்டும்.”

இசக்கி ஹாலில் பலகைகளை அடித்தார். பிரம்பு நாற்காலி, துளசித் தொட்டி, ஈர வேட்டியோடு துணிக்கொடி எல்லாம் ஹாலுக்கு வந்தன. சோபா, டிவி, கல்யாண போட்டோ எல்லாம் பால்கனிக்குப் போயின.

“அப்பா, தினம் பால்கனிக்குச் சோறு திங்க வர்ற காக்காவுக்கு யார் சொல்றது?” என்றாள் பூரணி.

அதை அவர் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா வந்தார். பின்னால் வந்த செண்பகம் திறந்த வாயை மூடவில்லை.

“கதவைத் திறந்ததும் பால்கனியா! நல்ல வசதி” என்று அவர் பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். ஈர வேட்டியை விலக்கிக்கொண்டு தளத்தைத் தடவிப் பார்த்தார். “திருப்தி. அப்படியே ஹாலையும் பார்த்திருவோம்.”

எல்லோரும் வெளியே போய் சோபாவில் உட்கார்ந்தார்கள். சாரல் காலம். சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

“என்ன இது, ஹால் இப்படி ஒழுகுது!” என்று பதறினார் மாப்பிள்ளையின் அப்பா.

எல்லோரும் பால்கனிக்கு ஓடினார்கள். அங்கே ஒரு சொட்டு இல்லை. அவர் குனிந்து பலகைகளைத் தொட்டுப் பார்த்து அசந்துபோனார்.

“இதுல்லா மரம்! இவ்வளவு மழையில கொஞ்சங்கூட நனையலையே! இப்படி மரத்தைத் தேடிப் பிடிச்ச குடும்பத்துல பெண் எடுக்க யோசிக்கவே வேண்டாம். நிச்சயத்துக்கு நாள் பார்ப்போம். ஒண்ணே ஒண்ணு, கல்யாணத்துக்குள்ள அந்த ஹால் ஒழுகுறதை மட்டும் சரி பண்ணிருங்க.”

“அதுக்கென்ன சம்பந்தி” என்றார் ஆவுடையப்பன். “நாளைக்கே மூணு பேரைக் கூப்பிடுறோம்.”

இசக்கி மெல்ல வெளியே போய், மழையில் நனைந்துகொண்டிருந்த சோபாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.