சமாதானம் செய்துவைத்த சாரம்

பக்கத்து ஊர்த் தேவாலயத்தைவிட ஒரு முழமாவது உயரமாகக் கட்டினால்தான் தூக்கம் வரும் என்று பிரான்சு நாட்டு நகரங்கள் போட்டி போட்ட காலம் அது. அப்படியொரு நகரத்தில் பேராலயம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பெயருக்குத்தான் சுவர், பாதிக்கு மேல் சன்னல், சன்னல் நிறைய வண்ணக் கண்ணாடி. அந்த மெலிந்த சுவர் வெளியே சரியாமலிருக்க, சற்றுத் தள்ளி நின்று நீண்ட கையால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது ஒரு முட்டுச்சுவர். கூரை இன்னும் ஏறாத சுவரின் விளிம்பில், மழைநீரைத் துப்புவதற்கென்றே செதுக்கிய கற்பூதம் ஒன்று, வேறு வேலையில்லாமல் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தது.

இத்தனைக்கும் நடுவே, தலைசுற்றும் உயரத்தில் இருந்தது சாரம். ஆட்கள் ஏறி நிற்கும் சாரமல்ல. வளைவு கட்டி முடியும்வரை அதன் கற்களை அடியில் ஏந்தியிருக்கும் ஓக் மரச்சட்டம். அதன் இரு தோள்களிலும் கூர்வளைவின் இரண்டு பாதிகள் கிடந்தன. வடசுவரிலிருந்து ஏறி வந்தது வடபாதி, தென்சுவரிலிருந்து வந்தது தென்பாதி. உச்சியில் நெற்றியோடு நெற்றி முட்டிய நாள்முதல் ஓயாத சண்டை. என்மேல் சாயாதே என்று ஒன்று சொல்லும். நீதான் என்மேல் விழுகிறாய் என்று மற்றது சொல்லும்.

சாரத்துக்கு இளகிய மனசு. சுண்ணாம்பு இறுகிவிட்டது, நாளைக் காலை சாரத்தை இறக்கலாம் என்று மேஸ்திரி ரெனோ சொன்னதைக் கேட்டதும் அதற்குப் பகீரென்றது. தான் போய்விட்டால் இதுகள் அடித்துக்கொண்டே கீழே விழுந்து சல்லியாகிவிடுமே! அன்று முழுக்க இரண்டுக்கும் புத்தி சொன்னது. பொழுது சாயும்போது வடபாதி, “தம்பி, இனி உன்மேல் சாயமாட்டேன்” என்றது. தென்பாதியும் “அண்ணா” என்று நெகிழ்ந்து பின்வாங்கிக்கொண்டது. சாரம் மனம் நிறைந்து கிறீச்சிட்டது.

காலையில் ஊரே கூடியது. அந்த ஊர் வழக்கப்படி, சாரம் இறங்கும்போது வளைவைக் கட்டிய மேஸ்திரி அதன் நேர் அடியில் நிற்கவேண்டும். ரெனோ போய் நின்றார். சாரத்தின் காலடியிலிருந்த ஆப்புகளை பெர்த்தோ என்ற தச்சன் தட்டித் தளர்த்தத் தொடங்கினான். சாரம் மயிரிழை மயிரிழையாக இறங்கியது. மேலே இரண்டு பாதிகளும் மரியாதையாக விலகி நின்றன. நடுவில் ஒரு கீற்று வானம் தெரிந்தது.

“மேஸ்திரி, உங்க தாடியெல்லாம் சுண்ணாம்பு” என்றான் பெர்த்தோ.

“தெரியும். அதனால்தான் மேலே பார்க்கவில்லை. நீ தட்டு.”

வெளியிலிருந்து முட்டுச்சுவர் அலறியது. “நான் தள்ளுகிறேன், எதிர்த்துத் தள்ள உள்ளே ஆளில்லையே! இப்படியே போனால் சுவரோடு உள்ளே வந்து விழுவேன்.”

கற்பூதம் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தது. “சமாதானம் செய்துவைத்தாயாக்கும்? அட மரமே, ரெண்டு பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழப் பார்த்தார்கள். அதனால்தான் ஒருத்தரும் விழவில்லை.”

சாரத்துக்கு வியர்த்தது. ஒரே ஒரு ஆப்புதான் பாக்கி. பிறந்தது முதல் யாரையும் பற்றித் தப்பாகப் பேசாத அந்த மரம், வடபாதியின் பக்கம் மெல்லத் திரும்பியது.

“அண்ணே, சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ ஆற்றங்கரைக் கல்லாம். நாலு மழைக்கு உப்பாய்க் கரைந்துவிடுவாயாம். தம்பி சொல்கிறது.” மூச்சு வாங்காமல் தென்பாதியின் பக்கம் திரும்பி, “உன்னை எதில் செதுக்கினார்களாம் தெரியுமா? பன்றித் தொட்டிக்கு ஆகாத கல்லிலாம். அண்ணன் சொல்கிறது” என்றது.

டமார் என்று நெற்றிகள் மோதின. சுவர் வெளியே நகர்ந்து முட்டுச்சுவரின் உள்ளங்கையில் போய் அழுந்தியது. அது வலியோடு சுகமாக முனகியது. கடைசி ஆப்பும் தெறித்தது. சாரம் கயிற்றில் ஊஞ்சலாடியபடி, எதையும் சுமக்காமல், கிறுகிறுத்துக் கீழே இறங்கியது. அண்ணாந்து பார்த்தால், வெறுங்காற்றின்மேல் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு நின்றது வளைவு. ரெனோவும் அப்போதுதான் மேலே பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மறுவாரம் சாரத்தை அடுத்த வளைவுக்கு ஏற்றினார்கள். அங்கே புதிதாக வந்த இரண்டு பாதிகள், “தாங்கள் முதலில் சாயுங்கள்”, “ஐயோ, தங்களுக்கு முன்பா?” என்று உபசரித்துக்கொண்டிருந்தன.

சாரம் தொண்டையைக் கனைத்தது. “உங்கள் ரெண்டு பேரைப் பற்றியும் ஒரு பேச்சு அடிபடுகிறதே, காதில் விழுந்ததா?”